விளக்கேற்றாமல் எழுதியவர்

கவிதை மொழிபெயர்க்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

வேலைக்குப் போய்த் திரும்பி, சமைத்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இரவு பத்து மணிக்கு மேல் வேற்றுமொழிக் கவிதை ஒன்றையும் அகராதியையும் எடுத்துக்கொண்டு உட்காருகிறீர்களே, உங்களுக்குத்தான் இந்த மடல். நானும் உங்களில் ஒருத்தி. சென்னையில் மாலை வகுப்புக்குப் போய் ஜெர்மன் படித்தேன். இருபது வருடங்களாக அந்த மொழியிலிருந்து கவிதைகளைக் கொண்டுவரப் பார்க்கிறேன். என் மொழிபெயர்ப்பு முதன்முதலில் அச்சானபோது அந்தப் பக்கத்தில் என் பெயர் இல்லை. ஆசிரியரைக் கேட்டேன். "மூலக் கவிஞர் பெயர் இருக்கிறதே, போதாதா?" என்றார். அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இன்று பதில் சொல்லத் தெரியும். அதைக் கற்றுக்கொடுத்தவர் நெல்லி ஸாக்ஸ். அவரைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

நோபல் பரிசு பெற்ற யூதக் கவிஞர், நாஜிகளிடமிருந்து தப்பி ஸ்வீடனுக்குப் போனவர், வதைமுகாம்களில் இறந்தவர்களைப் பாடியவர் என்று அவரை அறிந்திருப்பீர்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் நம்மைப் போன்றவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி வேறொன்று. ஸ்டாக்ஹோமில் அவர் சோறு தின்றது மொழிபெயர்ப்பில். அந்த வேலைதான் அவரைக் கவிஞராகவும் ஆக்கியது.

அவர் பிறந்தது 1891 டிசம்பர் 10, பெர்லினில். ஒரே பிள்ளை. அப்பா வில்லியம் ஸாக்ஸ் வசதியான தொழிலதிபர். அப்பா பியானோ வாசிப்பார், மகள் ஆடுவாள். உடம்புக்கு முடியாத பெண் என்பதால் படிப்பில் பெரும்பகுதி வீட்டிலேயே நடந்தது. வழிபாட்டு நியமங்களை அதிகம் பார்க்காத, தங்களை ஜெர்மானியர்களாகவே நினைத்துக்கொண்ட யூதக் குடும்பம். பதினைந்து வயதில் ஸ்வீடன் நாவலாசிரியை செல்மா லாகர்லெவின் முதல் நாவலைப் படித்துவிட்டு அவருக்குக் கடிதம் எழுதத் தொடங்கினாள் அந்தப் பெண். 1921இல் தன் முதல் நூலான கதைத் தொகுப்பை அவருக்கே காணிக்கையாக்கி அனுப்பியும் வைத்தார். ஒரு வாசகி தன் பிரியமான எழுத்தாளருக்கு எழுதிய கடிதங்கள் அவை. முப்பது வருடம் கழித்து அவையே அவர் உயிரைக் காப்பாற்றும் என்று யாருக்குத் தெரியும்?

1930இல் அப்பா இறந்தார். 1933இல் ஹிட்லர் வந்தார். அம்மா மார்கரேத்தும் மகளும் ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் இழந்தார்கள். ரகசியப் போலீஸ் கூப்பிட்டு விசாரித்த ஒரு நாளுக்குப் பிறகு, நெல்லிக்கு ஐந்து நாள் குரலே எழவில்லை. தொண்டை இறுகிப்போய்விட்டது. வாழ்நாளெல்லாம் அவர் எழுதிய கவிதைகளில் பேச்சற்ற வாயும் மீனும் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஐந்து நாள்தான் என் நினைவுக்கு வரும்.

1939 கோடையில் குட்ருன் ஹார்லன் என்ற தோழி ஸ்வீடனுக்குப் போனார். யூதர் அல்லாத ஜெர்மானியப் பெண். எண்பது வயதில் நோயுற்றிருந்த லாகர்லெவைச் சந்தித்து ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கினார். மன்னரின் தம்பியும் ஓவியருமான இளவரசர் யூஜேனும் உதவினார். போர் மூண்டது, மாதங்கள் ஓடின, 1940 மார்ச்சில் லாகர்லெவ் இறந்தும்விட்டார். ஏப்ரலில் டென்மார்க்கிலும் நார்வேயிலும் ஜெர்மன் படை நுழைந்தது. ஸ்வீடன் விசா வந்து சேர்ந்த நேரத்திலேயே, உழைப்பு முகாமுக்கு வரச்சொல்லி நெல்லிக்கு உத்தரவும் வந்திருந்தது. விவரம் அறிந்த ஓர் அதிகாரி, ரயிலில் போகாதீர்கள், விமானத்தில் போய்விடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். மே 16ஆம் தேதி தாயும் மகளும் ஸ்டாக்ஹோமில் இறங்கினார்கள். மகளுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. கையில் காசில்லை, அந்த ஊர் மொழியும் பிடிபடவில்லை. பெர்லினில் எழுதிய கவிதைகளில் எதையும் பின்னாளில் மறுபடி அச்சிட அவர் விரும்பவில்லை. அப்படிப் பார்த்தால் ஒரு கவிஞராக அவர் பிறக்கவே இல்லை. நாற்பத்தெட்டு வயதில்!

இனி அந்த வீட்டுக்குள் உங்களை அழைத்துப் போகிறேன்.

சோடெர்மால்ம் தீவில், தண்ணீரை ஒட்டிய பெர்க்சுண்ட்ஸ்ட்ராண்ட் தெருவில், 23ஆம் எண் கட்டடம். அகதிகளாக வந்த யூதர்கள் பலர் குடியிருந்த இடம். அதில் ஓர் அறை, ஒட்டினாற்போல் சமையல் மூலை. அறையில் அம்மா படுத்திருப்பார், நோயாளி. முதலில் துணி துவைத்துச் சம்பாதித்த மகள், ஸ்வீடிஷ் கற்றுக்கொண்டு மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்தார். பகலெல்லாம் அம்மாவுக்குப் பணிவிடை. எழுத இரவு மட்டுமே மிச்சம். விளக்கைப் போட்டால் அம்மாவின் தூக்கம் கலையும் என்று இருட்டிலேயே கிறுக்கி வைத்துவிட்டு, விடிந்ததும் தன் கையெழுத்தைத் தானே கண்டுபிடித்துப் படித்து எழுதுவாராம். அந்தச் சமையல் மூலையை அவர் கப்பலறை என்று அழைத்தார். ஜன்னலுக்கு வெளியே தண்ணீர், உள்ளே அடுப்பும் ஒரு தட்டச்சு இயந்திரமும். நோபல் பரிசுக்குப் பிறகும் அவர் அந்தக் கட்டடத்தை விட்டுப் போகவில்லை. அவருடைய பொருள்கள் இன்று ஸ்வீடன் தேசிய நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

அந்தக் கப்பலறையில் அவர் மொழிபெயர்த்தது யாரை? எடித் சோடெர்கிரான், பேர் லாகர்குவிஸ்ட், யொஹன்னஸ் எட்ஃபெல்ட், பிறகு எரிக் லிண்டேக்ரேன், குன்னர் ஏக்கெலோஃப். எல்லாருமே ஸ்வீடிஷ் மொழியின் நவீன கவிஞர்கள். அவர்களில் பலர் எதுகையைத் தேடாதவர்கள். அலங்காரத்தைச் சுரண்டியெடுத்துவிட்டு எலும்பு தெரிய எழுதியவர்கள். பெர்லினில் பழைய பாணி எதுகைக் கவிதைகளும் கதைகளும் எழுதிக்கொண்டிருந்த பெண்மணிக்கு, தன் சொந்த மொழியிலேயே நடந்துகொண்டிருந்த நவீனக் கவிதைப் புரட்சியோடு பெரிதாகப் பழக்கம் இல்லை. அந்தப் பள்ளிக்கூடம் அவருக்கு ஸ்வீடிஷ் வழியாகத்தான் கிடைத்தது. ஒரு வரியைப் படிப்பது வேறு, அதை இன்னொரு மொழியில் மறுபடி கட்டுவது வேறு. கட்டும்போதுதான் எந்தச் செங்கல் எதைத் தாங்குகிறது என்று கைக்குத் தெரியும். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மொழிபெயர்ப்பு மட்டுமே அவரை மாற்றியது என்று சொல்ல மாட்டேன், அது பொய்யாகிவிடும். 1943 வாக்கில் முகாம்களில் நடப்பவை பற்றிய செய்திகள் ஸ்டாக்ஹோமை எட்டின. பதினேழு வயதில் அவர் நேசித்த மனிதர் நாஜிகளின் கையில் மடிந்தார் என்ற செய்தியும் வந்தது. அந்த மனிதரின் பெயரை அவர் கடைசிவரை வெளியே சொல்லவே இல்லை. இறந்த மணமகனுக்கான பிரார்த்தனைகள் என்று ஒரு கவிதை வரிசையே அவருடைய முதல் கவிதைத் தொகுப்பில் இருக்கிறது. நெருப்பை மூட்டியது அந்தச் செய்திகள். ஆனால் நெருப்பை ஏந்த ஒரு சட்டி வேண்டுமே. அதை வனையும் பழக்கத்தை அந்தக் கைகளுக்குத் தந்தது அடுத்தவர் கவிதைகளோடு போராடிய இரவுகள். பழைய எதுகை ஜெர்மனால் வதைமுகாம்களின் புகைபோக்கிகளைப் பாட முடிந்திருக்காது.

1947ஆம் வருடத்தை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இடிபாடுகளாகக் கிடந்த பெர்லினில் ஆஃப்பாவ் பதிப்பகம் அந்த ஒரே வருடத்தில் அவருடைய இரண்டு நூல்களை வெளியிட்டது. ஒன்று, இறந்துபோன சகோதர சகோதரிகளுக்குக் காணிக்கையாக்கிய அவருடைய சொந்தக் கவிதைகள். மற்றது, அலையிலும் கருங்கல்லிலும் இருந்து வந்தவை என்ற பொருளில் தலைப்பிட்ட ஸ்வீடிஷ் கவிதைத் தொகுப்பு. எந்த ஊர் அவரைத் துரத்தியதோ அதே ஊரிலிருந்து, எந்த மொழியில் அவருக்கு ஆணை பிறப்பித்தார்களோ அதே மொழியில், அடைக்கலம் கொடுத்த நாட்டின் கவிதைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பன்னிரண்டு வருடம் உலகக் காற்றே படாமல் கிடந்த ஜெர்மன் வாசகர்கள், ஒரு யூத அகதியின் கை வழியாக ஸ்வீடிஷ் கவிதையைப் படித்தார்கள்.

மூலமும் மொழிபெயர்ப்பும் அக்கா தங்கைபோல ஒரே வருடத்தில், ஒரே பதிப்பகத்திலிருந்து! இவற்றில் எது அவருடைய 'சொந்த' வேலை என்று என்னைக் கேட்டால், இரண்டும் என்பேன்.

இதன் அடுத்த அத்தியாயம் இன்னும் அழகு. அவர் யாரையெல்லாம் ஜெர்மனுக்குக் கொண்டுபோனாரோ, அந்த எட்ஃபெல்ட்டும் லிண்டேக்ரேனும் ஏக்கெலோஃபும் பின்னாளில் அவருடைய கவிதைகளை ஸ்வீடிஷுக்குக் கொண்டுவந்தார்கள். 1962இல் ஏக்கெலோஃபின் கவிதைகள் அவருடைய ஜெர்மனில் தனிநூலாக வந்தன. மொய் எழுதுவதைப்போல என்று நம் ஊரில் சொல்வோம். யார் வீட்டு விசேஷத்தில் யார் எவ்வளவு செய்தார் என்ற கணக்கு நோட்டில் மட்டுமா இருக்கிறது? மனத்திலும் இருக்கிறது. கவிதைக்குள்ளும் அப்படி ஒரு மொய் நோட்டு ஓடுகிறது, நண்பர்களே. அதில் முதல் வரியை எழுதுபவர்கள் நாம்.

1950இல் அம்மா இறந்தார். பத்து வருடம் அவருக்காகவே எழுந்து, அவருக்காகவே இருட்டில் எழுதிய மகள் நொறுங்கிப்போனார். மறுபடி எழுந்து நின்றது யூத ஞான மரபின் நூல்களைப் பிடித்துக்கொண்டு. மார்ட்டின் பூபர் ஜெர்மனில் சொன்ன ஹசிதியக் கதைகளும், கெர்ஷோம் ஷோலெம் ஜெர்மனில் தந்த ஸோஹார் என்ற ஞான நூலின் பகுதியும் அவருடைய மேசைக்கு வந்தன. தன் முன்னோரின் நூலுக்குள் நுழைய அவருக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளரின் கதவுதான் வேண்டியிருந்தது.

பாரிஸில் இன்னொரு யூதக் கவிஞர் இருந்தார். பால் செலான், முகாமில் பெற்றோரைப் பறிகொடுத்தவர், ஜெர்மனில் எழுதியவர். அவரும் ஓயாத மொழிபெயர்ப்பாளர். 1954 முதல் இருவரும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். 1960 மே மாதம் டிரோஸ்டே பரிசை வாங்க நெல்லி ஸாக்ஸ் ஜெர்மனி போக வேண்டியிருந்தது. இருபது வருடத்துக்குப் பிறகு முதல் பயணம். அந்த மண்ணில் ஓர் இரவுகூடத் தூங்க முடியாது என்று, சுவிட்சர்லாந்தில் சூரிச்சில் தங்கி, ஏரியைக் கடந்து மேர்ஸ்புர்க் போய்ப் பரிசு வாங்கித் திரும்பினார். சூரிச்சில் செலானை முதன்முறை நேரில் பார்த்தார். ஊர் திரும்பியதும் பழைய பயம் முழு உருவத்தோடு வந்துவிட்டது. யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள், பின்தொடர்கிறார்கள் என்று நடுங்கினார். மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். அடுத்த சில வருடங்கள் அங்கேயும் வீட்டிலுமாகக் கழிந்தன. தப்பித்தவருக்குள் தப்பிக்க முடியாத ஒன்று தங்கியிருந்தது. ஆனால் மருத்துவமனையிலும் அவர் எழுதினார். அங்கே உருவான கவிதைகள் அவருடைய மிகச் சிறந்தவற்றுள் சேரும்.

1966 டிசம்பர் 10, அவருடைய எழுபத்தைந்தாவது பிறந்த நாள். அன்று ஸ்டாக்ஹோமில் ஹீப்ரு எழுத்தாளர் ஆக்னோனோடு சேர்ந்து நோபல் பரிசு வாங்கினார். விருந்தில் பேசியபோது அவர் நினைவுகூர்ந்தது யாரை என்கிறீர்கள்? லாகர்லெவிடம் போய்ப் பேசிய தோழியை. அப்புறம் அப்பாவை. பெர்லினில் ஒவ்வொரு டிசம்பர் 10ஆம் தேதியும், இன்றைக்கு ஸ்டாக்ஹோமில் நோபல் விழா நடக்கும் என்று அப்பா சொல்வாராம். மகளின் பிறந்த நாள் அது என்பதால் சொல்லியிருப்பார். பரிசுத் தொகையில் பாதியை ஏழைகளுக்கும் மறுபாதியைத் தோழி குட்ருனுக்கும் கொடுத்துவிட்டார். மொய் நோட்டில் கடன் தீர்ந்தது.

1970 மே 12ஆம் தேதி, பாரிஸ் அருகே செலானை அடக்கம் செய்த அதே நாளில், ஸ்டாக்ஹோமில் நெல்லி ஸாக்ஸ் இறந்தார்.

இப்போது உங்களிடம் என் வேண்டுதல்களைச் சொல்கிறேன்.

அவரைத் தமிழுக்குக் கொண்டுவருபவர்கள் தயவுசெய்து ஜெர்மன் மூலத்தோடு உட்காருங்கள். ஜெர்மன் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஏன் சொல்கிறேன் என்றால், 1947இல் வந்த முதல் கவிதைத் தொகுப்பின் தலைப்பையே பாருங்கள். மரணத்தின் ஏதோ ஓர் இடத்தில் என்று வரும். அந்த இடத்துக்கு அவர் போட்டிருக்கும் சொல் வோனுங். ஆங்கிலத்தில் அது புழக்கத்தில் இல்லாத ஒரு கனத்த சொல்லாகிவிட்டது. மூலத்திலோ அது வாடகைக்கு விடப்படும் என்று பலகை மாட்டும் வீடு. மூன்றாம் மாடி, இரண்டு அறை, தண்ணீர் வசதி உண்டு என்பார்களே, அந்த வீடு. ஆனால் லூத்தரின் ஜெர்மன் விவிலியத்தில், 84ஆம் சங்கீதத்தில், கடவுள் வாழும் இடத்துக்கும் அதே சொல்தான். நம் தமிழ் விவிலியம் அந்த இடத்தில் வாசஸ்தலங்கள் என்கிறது. வாடகை வீடும் கடவுளின் வாசஸ்தலமும் ஒரே சொல்லுக்குள் இருக்க, அதில் மரணத்தைக் குடிவைத்தார் அந்தக் கவிஞர். ஒரு மாதம் நான் வீடு, மனை, இல்லம், குடியிருப்பு, உறைவிடம் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். 'வாசஸ்தலம்' என்றால் வாடகைப் பலகை விழுந்துவிடுகிறது. 'குடியிருப்பு' என்றால் சங்கீதம் போய்விடுகிறது. இப்போதைக்கு 'உறைவிடங்கள்' என்று எழுதி வைத்திருக்கிறேன், அரை மனதோடு.

சில சமயம் தமிழ் நமக்குக் கைகொடுக்கும். 1949இல் வந்த இரண்டாம் தொகுப்பின் தலைப்பை நட்சத்திர கிரகணம் என்ற பொருளில் ஆங்கிலத்தில் போடுகிறார்கள். மூலச் சொல்லான ஃபெர்டுங்கெலுங், போர்க்காலத்தில் குண்டு விமானங்களுக்குப் பயந்து நகரம் முழுக்க விளக்குகளை மறைப்பதற்கும் புழங்கிய சொல். யூதர்கள் சட்டையில் தைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆணையிடப்பட்ட மஞ்சள் நட்சத்திரமும் அந்தத் தலைப்பில் நிழலாடுகிறது. தமிழில் நம்மிடம் 'இருட்டடிப்பு' இருக்கிறது! விளக்கை அணைப்பதும் அதுதான், ஒரு செய்தியை வெளியே வரவிடாமல் அமுக்குவதும் அதுதான். ஒரு மக்கள் கூட்டத்தையே அழித்துவிட்டுச் செய்தியையும் அமுக்கப் பார்த்த காலத்துக்கு, இரண்டு பொருளும் பொருந்தி வரும் சொல் எத்தனை மொழிகளில் கிடைக்கும்? நட்சத்திர இருட்டடிப்பு என்று எழுதிய இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்.

அடுத்த வேண்டுதல். புகைபோக்கிகளைப் பற்றிய அந்த ஒரு கவிதையோடு அவரை முடித்துவிடாதீர்கள். வண்ணத்துப்பூச்சி, மணல், தூசி, மீன், ஊமை என்று பின்னாளில் அவர் கட்டிய உலகம் பெரிது. துண்டுதுண்டாக, ஒரு கோட்டில் முடியாமல் நின்றுபோகும் கவிதைகள் அவை. அந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிட நம் கை பரபரக்கும், கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள். தன் குழலை வானத்தை நோக்கி உயர்த்தியதற்காகக் கொல்லப்பட்ட எட்டு வயதுச் சிறுவனையும், கொலைகாரனைத் தேடி நடக்கும் செருப்புத் தைக்கும் தொழிலாளியையும் வைத்து எழுதிய 'எலி' என்ற நாடகமும் இருக்கிறது. எலி என்பது அந்தச் சிறுவனின் பெயர். 1951இல் அது இருநூறு பிரதிகள் மட்டுமே அச்சானது, முன்பணம் கட்டியவர்களுக்காக. சிற்றிதழ்களில் வளர்ந்த நமக்கு அந்த எண்ணிக்கை அந்நியமா என்ன? முடிந்தால், அவர் கட்டிய பாலத்தின் மறுகரைக்கும் போய், சோடெர்கிரானையும் ஏக்கெலோஃபையும் தமிழுக்கு அழைத்து வாருங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் பெயரைப் போடுங்கள். அட்டையில் கேளுங்கள், கவிதையின் அடியில் கேளுங்கள். கேட்பது ஆணவம் ஆகாது. அந்தத் தமிழ் வரிக்கு நான் பொறுப்பு, தவறு இருந்தால் என்னைக் கேளுங்கள் என்று வாசகருக்குக் கொடுக்கும் வாக்கு அது. அன்று அந்த ஆசிரியரிடம் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

சொந்தமாக எழுதுவதில்லையா என்று யாராவது உங்களைக் கேட்டால், ஸ்டாக்ஹோம் சமையல் மூலையை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு பெண் அடுத்தவர் கவிதைக்குச் சொல் தேடினார், விளக்கேற்றாமல் தன் கவிதையை எழுதினார். ஒரே மேசை, ஒரே கை.

எனக்கும் ஓர் உதவி வேண்டும். 1957இல் வந்த அவருடைய தொகுப்பின் தலைப்பு வைட்டர் என்ற சொல்லில் முடிகிறது. மேலும், அப்பால், இதற்கு மேல், தொடர்ந்து என்று எல்லாமாகவும் இருக்கும் சின்னச் சொல். அது யாருக்கும் தெரியவில்லை என்கிறது தலைப்பு. 'இதற்கு மேல் யாருக்கும் தெரியாது' என்றால் தகவல் தீர்ந்துவிட்ட மாதிரி இருக்கிறது. 'அப்பால்' என்றால் சாமியார் பேச்சாகிவிடுகிறது. வீட்டில் ஒரு சாவு விழுந்து, எல்லாம் முடிந்து, பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, இனி என்ன செய்வதென்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போமே, அந்த நேரத்தின் சொல் எனக்கு வேண்டும். உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் அதை எப்படிச் சொல்வீர்கள்? எழுதுங்கள். யாருடைய சொல் நிற்கிறதோ, அவர் பெயரோடு அச்சிடுவேன்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி